தை பிறக்கும் முன்பே: அந்தமான் பவளப்பாறைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

வடகிழக்குப் பருவமழை ஓயத் தொடங்கிவிட்டது. அந்தமான் கடல் தெளிந்து, அடியில் இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் மாதங்கள் இனிதான் வருகின்றன: ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பொங்கல் விடுமுறைக்கோ, பிள்ளைகளின் தேர்வு முடிந்த கையோடோ போகலாம் என்றிருக்கும் குடும்பங்கள் டிக்கெட் எடுக்க உட்காரும் நேரம் இது. விமானக் கட்டணத்தையும் விடுதி வாடகையையும் பார்ப்பதுபோலக் கடலின் போக்கையும் பார்த்துத் தேதி குறித்தால் பயணம் நன்றாக அமையும். பாறைகளுக்கும் அது நல்லது.

டிசம்பர் கடைசி வாரமே கிளம்ப நினைப்பவர்கள் 2016-ஐ நினைவில் வைக்க வேண்டும். அந்த டிசம்பர் 12-ஆம் தேதி சென்னையில் மரங்களை வேரோடு சாய்த்த ‘வர்தா’ புயல், ஒரு வாரத்துக்கு முன் தாழ்வு மண்டலமாக இருந்தபோதே அந்தமானைப் பிடித்து ஆட்டிவிட்டது. ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் படகுகள் நின்றுபோக, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல்படையும் போய்த்தான் அவர்களை மீட்டு வந்தன. ஆகவே, திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளைத் தீவில் வைக்கக் கூடாது. கடைசி இரவு போர்ட் பிளேரில்தான் என்று திட்டமிட வேண்டும். கிளம்புவதற்கு முன் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பையும், ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் கடல் அலை எச்சரிக்கையையும் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

பெயர்கள் மாறியிருப்பதால் முன்பதிவில் குழப்பம் வரலாம். 2018 டிசம்பரிலிருந்து ஹேவ்லாக் ‘ஸ்வராஜ் தீவு’, நீல் ‘ஷஹீத் தீவு’. 2024 செப்டம்பரிலிருந்து போர்ட் பிளேர் ‘ஸ்ரீ விஜயபுரம்’. இன்னொன்று, இங்கே பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். நம் கடிகாரம்தான் அங்கேயும். ஆனால் தீவுகள் வெகு கிழக்கே இருப்பதால் டிசம்பர், ஜனவரியில் மாலை ஐந்து மணிவாக்கிலேயே சூரியன் இறங்கிவிடும். பாறை பார்க்கும் வேலையைக் காலையில் வைத்துக்கொள்வதே சரி. காற்று எழுவதற்கு முன் கடல் அசையாமல் இருக்கும், வெளிச்சமும் ஆழம் வரை இறங்கும்.

எங்கே பார்ப்பது? பெரும்பாலானவர்கள் ஹேவ்லாக்கின் எலிஃபண்ட் கடற்கரைக்கும் நார்த் பே தீவுக்கும் ஓடுகிறார்கள். கூட்டமும் சத்தமும் அங்கேதான். ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், வண்டூர் கரையிலிருந்து மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குப் போவது மேல். 1983-இல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காவில் 15 தீவுகள் இருக்கின்றன. பயணிகளுக்கு ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரண்டை மட்டும், அதுவும் மாறி மாறித்தான் திறப்பார்கள். தெளிந்த பருவத்தில் ஜாலி பாய். மழைக்காலத்தில் ரெட் ஸ்கின். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது ஓய்வெடுக்கும். வனத்துறையின் அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வாங்க வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. திங்கட்கிழமை விடுமுறை. பிளாஸ்டிக் எதையும் உள்ளே விடமாட்டார்கள். பிஸ்கட் பொட்டலம் வரை பைகளைத் துழாவிப் பார்ப்பார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கெடுபிடியால்தான் ஜாலி பாயில் இன்னும் பார்ப்பதற்கு ஏதோ மிச்சமிருக்கிறது.

ஓய்வு கொடுத்தால் பாறை மீளும் என்பதற்குத் தாய்லாந்தின் மாயா விரிகுடா நல்ல சாட்சி. ஒரு ஹாலிவுட் படத்தால் புகழடைந்து, நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வந்திறங்க, அங்கிருந்த பவளம் பெரும்பாலும் அழிந்தது. 2018 ஜூனில் மூடினார்கள், 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள். மூடியிருந்த காலத்தில் கருந்துடுப்புச் சுறாக்கள் ஆழமற்ற நீருக்குத் திரும்பி வந்தன. இப்போது அங்கே படகுகள் விரிகுடாவுக்குள் நுழைய முடியாது, பின்புறம் நிறுத்திவிட்டு நடந்துதான் வரவேண்டும்.

இனி, தண்ணீருக்குள் நடப்பது. முதல்முறை ஸ்நார்கெல் செய்பவர் பாறையை உடைக்க வேண்டும் என்று நினைத்து உடைப்பதில்லை. முகமூடிக்குள் கொஞ்சம் தண்ணீர் கசிகிறது. மூக்கில் உப்பு ஏறுகிறது. பதறிப்போய்க் காலை ஊன்றி எழுந்து நிற்கிறார். மார்பளவுத் தண்ணீர்தானே! ஆனால் அந்தக் கால் இறங்கிய இடம் மான்கொம்புப் பவளத்தின் கிளை. சடக்கென்று முறிந்த ஓசைகூட மேலே கேட்காது. இப்படிக் கிளைவிட்டு வளரும் பவளம் ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வளரலாம். உருண்டு திரண்ட மூளைப் பவளமோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான். ஆள் இடுப்புயரம் நிற்கும் உருண்டை ஒன்று, நம் பாட்டனார் காலத்திலேயே அங்கே இருந்திருக்கும்.

ஆகவே பயிற்சி வீட்டிலேயே தொடங்க வேண்டும். இன்னும் சில வாரங்கள் கையில் இருக்கின்றன. சொந்தமாக ஒரு முகமூடி வாங்கிவிடுவது நல்லது. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை உள்ளிழுத்தால் அது விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். அதுதான் சரியான அளவு. மீசை அடர்த்தியாக இருந்தால் கசியும், மேலுதட்டை ஒட்டிக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ள வேண்டியதுதான். உள்ளே தண்ணீர் புகுந்தால் முகமூடியின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, தலையைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊத வேண்டும். தண்ணீர் கீழ்வழியே வெளியேறிவிடும். ஊர் நீச்சல் குளத்தில் நாலு நாள் இதைப் பழகியவர் கடலில் எழுந்து நிற்கத் தேவையே இருக்காது. நீச்சல் தெரியாதவர்களை வழிகாட்டிகள் காற்றடைத்த வளையத்தைப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் போவார்கள். அப்போதும் கால்களைப் பின்னால் நீட்டி மிதக்க வேண்டும், தொங்கவிடக் கூடாது. வயதானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கண்ணாடி அடித்தளப் படகே போதும். அதில் குறைவொன்றும் இல்லை.

நீல் தீவில் வேறொரு ஆபத்து. அங்குள்ள இயற்கைப் பாலத்தைக் கடல் வற்றும் நேரத்தில்தான் நடந்து போய்ப் பார்க்க முடியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் இன்னும் அதிகமாக வற்றும். அப்போது வெளியே தெரியும் தரை வெறும் பாறை போலத்தான் இருக்கும். குனிந்து பார்த்தால் குட்டைகளில் உயிருள்ள பவளம், கடல் வெள்ளரி, கல் என்று நினைத்து மிதித்துவிடக்கூடிய கல்மீன். கல்மீனின் முள் தைத்தால் வலி பொறுக்க முடியாது. தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கெட்டியான அடி கொண்ட காலணி அவசியம். வழிகாட்டி காட்டும் தடத்தை விட்டு விலகக் கூடாது.

படகுக்காரரிடம் பேரம் பேசும்போது விலையோடு இன்னொன்றையும் கேட்கலாம். போர்ட் பிளேரில் தமிழ் பேசுபவர்கள் நிறைய இருப்பதால் மொழிச் சிக்கலும் குறைவு. “அண்ணே, படகை மிதவையில கட்டுவீங்களா, நங்கூரம் போடுவீங்களா?” மிதவை என்று பதில் வந்தால் அந்தப் படகில் ஏறலாம். பவளத்தின் மேல் இழுபடும் ஒரு நங்கூரம், ஐம்பது பயணிகளின் கால்கள் செய்ய முடியாத சேதத்தைச் செய்துவிடும். மீன்களைக் கூட்ட ரொட்டித் துண்டு வீசும் வழிகாட்டியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பாசியை மேய்ந்து பாறையைச் சுத்தமாக வைப்பதுதான் அந்த மீன்களின் வேலை. சாப்பாட்டு மேசையிலும் இதே கணக்குதான்: கிளிமீனைத் தவிர்த்துவிட்டுச் சூரை கேட்கலாம்.

சன்ஸ்க்ரீன் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்சேட் கலந்தவற்றின் விற்பனையை ஹவாய் மாநிலம் 2021 முதல் நிறுத்தியது, பலாவு நாடு அதற்கும் ஓராண்டு முன்பே தடை போட்டது. நம் ஊரில் அப்படிச் சட்டம் இல்லை. முழுக்கை நீச்சல் உடை போட்டுக்கொண்டால் பூசும் தேவையே பெரும்பாலும் போய்விடும். முதுகும் வெந்துபோகாது.

ஸ்கூபா செய்ய நினைப்பவர்கள் நாட்களை எண்ணி வைக்க வேண்டும். ஒரு முறை மட்டும் மூழ்கினால் விமானம் ஏறும் முன் குறைந்தது 12 மணி நேரம், பல முறை மூழ்கினால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் இறங்கக் கூடாது. சளி பிடித்திருந்தாலும் வேண்டாம், காது அடைத்துச் செவிப்பறை பாதிக்கும். முதலை எச்சரிக்கைப் பலகையை அலங்காரமாக நினைக்கக் கூடாது. 2010-இல் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையை ஒட்டிய நீரில் ஸ்நார்கெல் செய்துகொண்டிருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் உவர்நீர் முதலைக்குப் பலியானார். பலகை இருக்கும் இடத்திலும், ஓடை கடலில் சேரும் இடத்திலும், இருட்டிய பின்னும் தண்ணீரில் இறங்குவதே தவறு.

கரையில் கிடக்கும் பவளத் துண்டு செத்ததாக இருந்தாலும் பைக்குள் போடக் கூடாது. பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கும்போது பிடிபடும். பிள்ளைகளின் பைகளைக் கிளம்பும் முன் பெற்றோரே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ போகத் தேதி குறித்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். கோடை உச்சத்தில் கடல்நீரின் வெப்பம் வழக்கத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடி, சில வாரங்கள் அப்படியே நின்றால், பவள உயிர் தனக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிடும். நிறமும் உணவும் அந்தப் பாசியால்தான் கிடைக்கின்றன. அது போனதும் பவளம் எலும்பு வெள்ளையாகிவிடும். 2010-லும் 2016-லும் அந்தமான் இப்படி வெளுத்தது. 2024 ஏப்ரலில், உலக அளவில் நான்காவது பெரும் வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பு அறிவித்தது. வெளுத்த பவளம் செத்ததல்ல. வெப்பம் தணிந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும். ஆனால் அந்த நாட்களில் கலங்கிய மண்ணும், உரசும் துடுப்புக் காலணியும் அதற்குத் தாங்காது.

பவள வெளுப்புக்கென்றே இன்காய்ஸ் ஒரு எச்சரிக்கை முறையை நடத்துகிறது, அந்தமான் அதில் அடங்கும். பயணத்துக்கு ஒரு வாரம் முன் அதைப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை இருந்தால் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டியதில்லை. ஸ்நார்கெல் நாளை மட்டும் எடுத்துவிட்டு, 1906-இல் கட்டி முடித்த செல்லுலார் சிறையையும், ஆலமர வேர்கள் சுவர்களை விழுங்கி நிற்கும் ராஸ் தீவையும் நிதானமாகப் பார்க்கலாம். ராதாநகரின் மணலடி நீரில், காவலர்கள் கொடி நட்ட எல்லைக்குள் பிள்ளைகள் ஆசைதீரக் குளிக்கலாம்.