கூடிப் பயிறல்

ஆசிரியர் உரைப்பதைச் செவ்வனே கேட்பவனும் காற்பங்கு புலமையே பெறுவான். உடன் பயில்வாரோடு பழகுதலால் இன்னொரு காற்பங்கு சேரும். பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கு நிறையும். இது நன்னூலிற் பவணந்தி முனிவர் வகுத்த கணக்கு. இக்கணக்கு மென்பொருட்கலைக்கும் பொருந்துமாற்றை ஈண்டு நோக்குவாம்.

1975 மார்ச் 5 ஆம் திகதி, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஒரு வீட்டின் கார்க் கொட்டிலிற் கணினி ஆர்வலர் சிலர் கூடினர். ஹோம்புரூ கணினிக் கழகம் அவ்வாறு பிறந்தது. அங்கே ஸ்டீவ் வொஸ்னியாக் தாம் அமைத்த கணினியின் வரைபடங்களை ஒளியாது பகிர்ந்தார். அதுவே 1976 இல் ஆப்பிள் 1 என வெளிவந்தது. நம் நாட்டிலும், யாழ் ஐடி ஹப் என்னும் அமைப்பு 2012 இல் மாணவர்க்கான முதற் போட்டியை யாழ்ப்பாணத்தில் நடத்திற்று.

இத்தகைய கூட்டத்தில் ஒருவர் தம் நிரலைக் காட்டுவார், ஏனையோர் வினவுவர். மூன்று நாள் தேடியும் தம் கண்ணுக்குப் புலப்படாத பிழை, அயலிருப்பவர் கண்ணுக்கு ஒரு கணத்திற் புலப்படும். அறிமுகமும் அங்ஙனமே வளரும். அதனை நாடிச் செல்பவர் ஒரு வினாவையேனும் கொண்டு செல்க. வினாவே நட்பின் வாயில்.

நன்கு கற்ற நம் தம்பிலுவில் மாணவர் பலர், பிறர்முன் பேச நாணி, முதற் காற்பங்கோடு நின்றுவிடுதலைக் கண்டு வருந்தியுள்ளோம். கொழும்புக் கூட்டங்களோ இராப் பயணத் தொலைவில் உள்ளன. ஆதலின், இத்துறையிற் பணிபுரியும் பழைய மாணவர்காள்! மாதம் ஒரு சனிக்கிழமை நம் கல்லூரிக்கு வருக. அக்கரைப்பற்று, கல்முனை இளைஞரும் உடனிருக்க. எஞ்சிய முக்காற்பங்கு நம் மாணவர்க்கு இங்கேயே வாய்க்கும்.