குதிரைக் காலுக்கு இறுக்கமே பலமா?

ஆரோவில்லை அடுத்த குயிலாப்பாளையத்தின் செம்மண் பாதைகளில், முந்திரிக்கும் சவுக்குக்கும் நடுவே குதிரைச் சவாரி செய்வோரைக் காண்பது இப்போது புதுமையன்று. அக்குதிரைகளின் கால்களில் சுற்றியுள்ள வர்ணத் துணியைப் பார்த்துவிட்டு, கட்டு இறுக இறுகக் கால் பலப்படும் என்று அநேகர் நம்புவதும் இயல்பே. இயல்பான நம்பிக்கைதான், ஆனால் முழுத் தவறு.

குதிரையின் முன்காலில் நாம் முழங்கால் என்று சொல்வது உண்மையில் நம் மணிக்கட்டுக்கு ஒப்பான மூட்டு. அதற்குக் கீழே சதை என்பது ஏறக்குறைய இல்லை. எலும்பும், பாரத்தைத் தாங்கும் தசைநாண்களும், அவற்றின்மேல் மெல்லிய தோலுமே உள்ளன. நம் கெண்டைக்காலில் கட்டு சற்று இறுகினாலும் சதை அதைப் பொறுத்துக்கொள்ளும். குதிரைக்கு அந்த மெத்தை வாய்க்காமையால், அடியில் பஞ்சு வைக்காவிட்டாலோ, வைத்த பஞ்சு மடிந்து சுருண்டு கிடந்தாலோ, ஒரே ஒரு சுற்று மட்டும் மற்றவற்றைவிட இறுகிவிட்டாலோ, அந்த அழுத்தம் நேரே நாணின்மேல் விழுந்து, ரத்த ஓட்டம் குன்றி, கட்டை அவிழ்த்ததும் காலின் பின்புறம் வில்லாக வீங்கி நிற்கும். வைத்தியமே வியாதியைத் தந்த விபரீதம் இது.

துணி காலைத் தாங்கும் என்பதும் பிரமையே. நாலுகால் பாய்ச்சலில் ஒரு காலின்மேல் விழும் பாரம் குதிரையின் முழு எடையைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்டது. அதை நாலு விரற்கடைத் துணி ஏந்துவதெப்படி? பாய்ச்சலின்போது நாணின் உள்வெப்பம் 45 பாகை செல்சியஸை எட்டுவதாக அளந்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் அதன்மேல் கனத்த துணியையும் சுற்றிவைப்பது வெப்பத்தை வெளியேறவிடாமல் அடைப்பதாகும். குளிர்ச்சிக்கென்று ஈரத்துணியைக் கட்டி மறந்துவிடுவோரும் உண்டு. அது காயும்போது சுருங்கி, கட்டியவர் இறுக்காத இறுக்கத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் கடல்வழியே ஆயிரக்கணக்கில் வந்த குதிரைகளுள் ஆண்டிறுதியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும், பராமரிக்கத் தெரியாமையே அதற்குக் காரணம் என்றும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்தார். மிகைப்படுத்தியிருக்கலாம், எனினும் நம்மூரார் தலைமுறை தலைமுறையாக அறிந்த குதிரை ஐயனார் கோயில் மண்குதிரையேயன்றோ! அதற்குக் கால் வீங்குவதில்லை.

காயத்துக்குக் கட்டுப் போட்டாலே போதும் என்பாருக்கு ஒரு வார்த்தை: தனுர்வாதத்துக்குக் குதிரையைப்போல் எளிதில் இரையாகும் பிராணி அரிது, கட்டு அதைத் தடுக்காது, ஊசியே தடுக்கும். கட்டவே வேண்டுமெனில் பஞ்சை மடிப்பின்றிப் பரப்பி, ஒவ்வொரு சுற்றும் முந்தியதைப் பாதி மூடுமாறு, ஒரே சீரான இறுக்கத்தில் சுற்றி, நாள்தோறும் அவிழ்த்துக் காலைத் தடவிப் பாருங்கள். கட்டுக்கு மேலோ கீழோ வீக்கம் கண்டாலும், குதிரை கட்டைக் கடித்தாலும், காலை ஊன்ற மறுத்தாலும், கால்நடை மருத்துவர் வரும்வரை காத்திராமல் அக்கணமே அவிழ்த்துவிடுங்கள்.