திண்மம், திரவம், வாயு: வீட்டிலிருந்தே சொல்லிக் கொடுப்போம்



மீளக்குடியமர்ந்த பல குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்பு இடையிடையே அறுபட்டிருக்கிறது. ஒரு தவணை ஊர்ப் பாடசாலையில், அடுத்த தவணை முகாமின் கொட்டகை வகுப்பில், பிறகு சில மாதங்கள் வகுப்பே இல்லை. ஊர் திரும்பியதும் பிள்ளையை வயதுக்குரிய தரத்தில் சேர்த்துவிடுகிறோம். ஆனால் விடுபட்ட பாடங்கள் விடுபட்டபடியே இருக்கின்றன.

அப்படி விடுபட்டிருக்கக்கூடிய ஒரு பாடம் திண்மம், திரவம், வாயு. ஆரம்பப் பிரிவில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் இதன் அடிப்படையைப் பிள்ளைகள் அறிகிறார்கள். தரம் 6 இல் விஞ்ஞான பாடம் தொடங்கும்போது இது கட்டாயம் தேவைப்படும். இதைச் சொல்லிக் கொடுக்க ஆய்வுகூடமோ விலை கொடுத்து வாங்கும் பொருட்களோ வேண்டியதில்லை. அடுப்படியில் இருப்பவையே போதும். நீங்கள் எந்த வகுப்பு வரை படித்தவராக இருந்தாலும் செய்யலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் திரும்பி வந்திருக்கும் காணிகளில் திண்மம், திரவம், வாயு மூன்றிலும் பிள்ளைக்கு ஆபத்தானவை இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு பாதுகாப்புச் செய்தி உள்ளது. அதைப் பாடத்தோடு சேர்த்தே சொல்லுங்கள்.

1. திண்மம்: தன் வடிவத்தைத் தானே வைத்திருக்கும்

வீட்டுக்குள் இருக்கும் ஐந்து பொருட்களைப் பிள்ளையைக் கொண்டு எடுப்பியுங்கள். கரண்டி, சிரட்டை, பென்சில், சவர்க்காரம், செருப்பு என எதுவும் ஆகலாம். ஒவ்வொன்றையும் முதலில் கோப்பையிலும் பிறகு பெட்டியிலும் வைக்கச் சொல்லுங்கள். "இடம் மாறினதும் இதின்ரை வடிவம் மாறினதோ?" என்று கேளுங்கள். மாறவில்லை என்று பிள்ளையே கண்டுகொள்ளும். அதுதான் திண்மம்.

இங்கே பிள்ளைகள் குழம்பும் இடங்கள் இரண்டு. முதலாவது, திண்மம் என்றால் கடினமாக இருக்க வேண்டும் என்று நினைப்பார்கள். துணி மென்மையானது, ஆனாலும் திண்மமே. இரண்டாவது, உப்பு, சீனி, மணல், மா ஆகியவற்றை ஊற்றலாம், பாத்திரத்தின் வடிவத்துக்கு நிரப்பலாம் என்பதால் அவற்றைத் திரவம் என்பார்கள். சீனியைத் தட்டில் கொட்டுங்கள், அது குவியலாக நிற்கும். தண்ணீரை ஊற்றுங்கள், அது குவியாது. பிறகு ஒரு சீனி மணியை விரல் நுனியில் எடுத்துக் காட்டுங்கள். அந்தச் சிறு மணிக்கும் சொந்த வடிவம் உண்டு.

பாதுகாப்புச் செய்தி: பொருட்களை வீட்டுக்குள்ளிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். வளவிலோ பற்றையிலோ தேட விடாதீர்கள். முன்பின் அறியாத இரும்பு, தகரம், பிளாஸ்ரிக் பொருள் எதையும் தொடவோ, உதைக்கவோ, கல்லால் எறியவோ கூடாது. அது வெடிக்காத வெடிபொருளாக இருக்கலாம். கண்டால் நின்று, வந்த வழியே திரும்பி, பெரியவருக்குச் சொல்ல வேண்டும். பெரியவர் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவிக்க வேண்டும்.

2. திரவம்: பாத்திரத்தின் வடிவத்தை எடுக்கும்

ஒரு கோப்பை தண்ணீரை முதலில் தட்டையான கிண்ணத்திலும், பிறகு ஒடுங்கிய போத்தலிலும் ஊற்றுங்கள். "எதிலை கூடத் தண்ணி இருக்குது?" என்று கேளுங்கள். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பலர் போத்தலைக் காட்டுவார்கள். உயரமாகத் தெரிவதால் கூட இருக்கிறது என்று நினைப்பது அந்த வயதின் இயல்பு. சுவிற்சர்லாந்து நாட்டு உளவியலாளர் ஜீன் பியாஜே இதைப் பிள்ளைகளுடன் செய்து பார்த்தே விளக்கினார். ஆகவே ஏசாதீர்கள். தண்ணீரைத் திரும்பக் கோப்பையில் ஊற்றிக் காட்டுங்கள். பல தடவை செய்தால் தானாக விளங்கும்.

அடுத்து, ஒரு கோப்பை தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். உப்பு கண்ணுக்குத் தெரியாது. சுவைத்தால் தெரியும். "காணாட்டிலும் உள்ளுக்கு இருக்குது" என்பதைப் பிள்ளை தன் நாக்காலேயே அறியும். கிணற்று நீர் தெளிவாக இருந்தாலும் அதில் கிருமிகள் இருக்கலாம், ஆகவே கொதிக்க வைத்து ஆறிய நீரையே குடிக்க வேண்டும் என்பதை விளக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

பாதுகாப்புச் செய்தி: திரவத்துக்குச் சொந்த வடிவம் இல்லை. சோடாப் போத்தலில் ஊற்றிய மண்ணெண்ணெய் சோடா மாதிரியே நிற்கும். பூச்சிமருந்தும் அப்படித்தான். குடிக்கும் பானப் போத்தல்களில் இவற்றை ஒருபோதும் வைக்காதீர்கள். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பிள்ளை தவறுதலாக மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

3. வாயு: காணாது, ஆனால் இடம் பிடிக்கும்

மூன்றிலும் கடினமானது இது. கண்ணால் காணாததைப் பிள்ளை நம்ப வேண்டும். ஒரு கிளாசின் அடியில் கடதாசியைக் கசக்கி இறுக்கி வையுங்கள். கிளாசைக் கவிழ்த்து, சரிக்காமல் நேராக வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள். நேராகவே வெளியே எடுங்கள். கடதாசி நனைந்திருக்காது. "தண்ணியை உள்ளுக்கு விடாமல் மறிச்சது என்ன?" என்று கேளுங்கள். பிறகு கிளாசைத் தண்ணீருக்குள் மெதுவாகச் சரித்தால் குமிழிகள் வரும். அதுதான் உள்ளே இருந்த காற்று. சைக்கிள் கடையில் ஒட்டுப் போடுபவர் ரியூப்பைத் தண்ணீருக்குள் பிடித்து ஓட்டையைத் தேடுவதும் இப்படித்தான்.

எல்லா வாயுவும் ஒன்றல்ல என்பதையும் காட்டலாம். இதைப் பெரியவரே செய்ய வேண்டும். உயரமான பேணி ஒன்றில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைப் போட்டு, இரண்டு தேசிக்காயின் சாற்றை விடுங்கள். நுரைத்துக்கொண்டு காபனீரொட்சைட்டு வாயு வரும். நுரை அடங்கியதும் எரியும் ஈர்க்கைப் பேணிக்குள் இறக்குங்கள். திரவத்தில் படாமலே நெருப்பு அணைந்துவிடும். இந்த வாயு காற்றை விடப் பாரமானது. அதனால் பேணிக்குள்ளேயே தங்கி, நெருப்புக்குத் தேவையான ஒட்சிசனை அங்கிருந்து வெளியே தள்ளிவிட்டது.

பாதுகாப்புச் செய்தி: நீண்டகாலம் பாவிக்காத கிணறும் அந்தப் பேணியைப் போன்றதே. அடியில் இலைகுழை அழுகி, மூச்சுக்கு உதவாத வாயு தேங்கியிருக்கலாம். நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கினால் அதன் நச்சுப் புகையும் உள்ளே தேங்கும். கிணற்றுக்குள் வெடிபொருளும் கிடக்கலாம். ஆகவே பாழ்கிணற்றை நீங்களாக இறைக்கவோ அதற்குள் இறங்கவோ வேண்டாம். விளக்கு இறக்கிப் பார்த்தேன், அணையவில்லை என்று நம்பியும் இறங்க வேண்டாம். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற அடுத்தவர் இறங்குவதும் உயிராபத்து. துப்புரவு செய்வதற்குப் பிரதேச சபையையோ கிராம அலுவலரையோ நாடுங்கள்.

4. ஒன்று மற்றொன்றாக மாறும்

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் இதைக் காட்டலாம். மார்கழி, தை மாதக் குளிர்ந்த காலைகளில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைப் பாருங்கள். ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் எண்ணெய் வெள்ளையாக உறையும். வெயிலில் வைத்தால் உருகும். எண்ணெய் ஒன்றே, நிலைதான் மாறியது. மற்ற மாதங்களில் மெழுகுதிரியின் உருகிய சொட்டு உறைவதைக் காட்டலாம்.

மழை விட்ட பிறகு முற்றத்துச் சீமெந்துத் தரையில் தேங்கிய நீரைச் சுற்றிக் கரித்துண்டால் கோடு போடச் சொல்லுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு முறை புதிய கோடு. கடைசியில் நீர் இராது, கோடுகள் இருக்கும். "அம்மா, தண்ணி எங்கை போச்சுது?" என்று பிள்ளை கேட்கும். உடனே விடை சொல்லாதீர்கள். "நீ என்ன நினைக்கிறாய், ராசா?" என்று கேளுங்கள். நிலம் குடித்துவிட்டது என்று சொன்னால், இன்னொரு நாள் தண்ணீரை ஒரு தட்டில் வைத்துப் பாருங்கள். தட்டு குடிக்காது.

காற்றில் கலந்த நீராவி திரும்பி வருவதையும் காட்டலாம். சோறு கொதிக்கும் பானையின் மூடியைப் பெரியவர் தூக்கிக் காட்டினால் அடியில் நீர்த்துளிகள் நிற்கும். பானைக்கு மேலே வெள்ளையாகத் தெரிவதை நாம் ஆவி என்கிறோம். உண்மையில் அது மிகச் சிறிய நீர்த்துளிகள். வாயுவான நீராவி கண்ணுக்குத் தெரியாது.

முன்பு கரைத்த உப்பு நீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். நீர் போய் உப்பு மிஞ்சும். ஆனையிறவு உப்பளத்தில் உப்பு விளைவதும் இவ்வாறே. இதிலிருந்து பெரியவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் உவர் போகாது. நீர் குறையக் குறைய உப்புக் கூடும்.

5. மூன்று வரிசை விளையாட்டு

அயல் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துப்புரவு செய்யப்பட்ட முற்றத்திலேயே விளையாட வேண்டும். "திண்மம்" என்றதும் தோளோடு தோள் நெருங்கி நின்ற இடத்திலேயே ஆட வேண்டும். "திரவம்" என்றதும் ஒருவரை ஒருவர் உரசியபடி இடம் மாற வேண்டும். "வாயு" என்றதும் முற்றமெங்கும் பரந்து ஓட வேண்டும். பொருட்களின் உள்ளே இருக்கும் மிகச் சிறிய துணிக்கைகளும் இப்படித்தான் இருக்கின்றன என்று சொல்லுங்கள்.

விளங்கிவிட்டதா?

வரைவிலக்கணத்தைப் பாடமாக்க வேண்டாம். ஒரு கொப்பியில் மூன்று நிரல்கள் கீறி, நாளுக்கு ஒரு பொருளைப் பிள்ளை படமாக வரையட்டும். தேன், பஞ்சு, மணல், புகை போன்றவை வரும்போது "ஏன் இதை இந்த நிரலிலை போட்டாய்?" என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்தால் பாடம் விளங்கிவிட்டது. புகையில் வாயுவும் கரித்தூளும் கலந்திருப்பதால் அது ஒரு நிரலுக்குள் அடங்காது. பிள்ளை தடுமாறினால் அது நல்ல அறிகுறி.

கொப்பி நிறைந்ததும் வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். பிள்ளைக்கு எது தெரியும், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அவர் அறிந்துகொள்வார். பாதுகாப்புச் செய்திகள் மூன்றையும் பிள்ளை தன் வாயாலேயே சொல்கிறதா என்று மாதம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.