ஒரு சுவிட்சும் நான்கு விளக்குகளும்

தில்லி கரோல்பாக் கடைத்தெருவில் நடந்தால், மகிழுந்துகளுக்கு அணிசெய்யும் பொருள்கள் கடைதோறும் தொங்குவதைக் காணலாம். அவற்றுள் ஒன்று, வண்டியின் உட்புறத்தில் ஒட்டும் எல்.இ.டி. விளக்குப் பட்டை. கால் வைக்கும் இடத்திலும் இருக்கைகளின் அடியிலும் அதனை ஒட்டிவிட்டால், இரவில் உட்புறம் மெல்லொளி பெறும். ஒட்டுவது எளிது. நான்கு பட்டைகளையும் ஒரே சுவிட்சால் ஏற்றவும் அணைக்கவும் இயலுமாறு இணைப்பதற்கே அறிவு வேண்டும். அறிவியல் வகுப்பில் நீங்கள் பிறமொழியில் கற்ற மின்சுற்றை இங்கே தமிழில் காண்போம்.

மகிழுந்தின் மின்கலம் 12 வோல்ட் தருவது. பட்டை ஒவ்வொன்றும் 12 வோல்ட்டுக்கென அமைந்தது. நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் அது தொடர் இணைப்பு எனப்படும். அப்போது 12 வோல்ட் நான்காகப் பங்கிடப்பட்டு ஒவ்வொன்றுக்கும் 3 வோல்ட்டே கிட்டும். ஒரு பட்டையும் ஒளிராது. எனவே இங்கு ஏற்றது பக்க இணைப்பே.

பக்க இணைப்பை விளங்கிக்கொள்ளக் காவிரிப் பாசனத்தை நினைத்துப் பாருங்கள். ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்காலின் தலைப்பில் மதகு இருக்கும். மதகுக்கு அப்பால் வாய்க்கால் கிளைகளாகப் பிரிந்து வயல்களுக்குச் செல்லும். மதகை இறக்கினால் எல்லா வயல்களுக்கும் நீர் நின்றுவிடும். ஒரு வயலின் மடையை மட்டும் அடைத்தாலோ, மற்ற வயல்களுக்கு நீர் செல்வது தடைப்படாது. சுவிட்சு மதகு போன்றது. கம்பி கிளைகளாகப் பிரியும் இடத்திற்கு முன்பே அதனை அமைத்தல் வேண்டும். ஆயினும் இவ்வுவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. வயலுக்குச் சென்ற நீர் ஆற்றுக்குத் திரும்ப வேண்டியதில்லை. மின்னோட்டமோ புறப்பட்ட இடத்திற்குத் திரும்பியே ஆகவேண்டும். ஆகவே நான்கு பட்டைகளின் எதிர்முனைகளையும் ஒன்றுசேர்த்து, வண்டியின் இரும்புடலில் ஒரு திருகாணியின்கீழ் முடுக்கிவிடுவர். மின்கலத்தின் எதிர்முனையும் அவ்வுடலோடு இணைந்திருப்பதால் சுற்று முழுமை பெறும்.

இனி, இப்பாடத்தின் இன்றியமையாத பகுதிக்கு வருவோம். ஃபியூசு என்று நாம் சொல்வதற்குத் தமிழில் உருகி என்று பெயர். பொருளையும் அதன் பணியையும் ஒருங்கே உணர்த்தும் இத்தகைய சொற்கள் எனக்கு மிகவும் உவப்பானவை. அளவுக்கு மீறிய மின்னோட்டம் வந்தால் அது தான் உருகிச் சுற்றைத் துண்டிக்கிறது. அரை மீட்டர் நீளமுள்ள எளிய பட்டை ஒன்று ஏறத்தாழ 0.2 ஆம்பியர் ஈர்க்கும் எனக் கொள்வோம். நான்கும் சேர்ந்து 0.8 ஆம்பியர். இதற்கு 2 ஆம்பியர் உருகி போதும். வண்டிகளில் வழங்கும் தகட்டு உருகிகளில் அது சாம்பல் நிறத்தது. மஞ்சள் நிறத்தது 20 ஆம்பியர் தாங்கும்.

உருகி அடிக்கடி உருகுகிறது என்று சலித்துக்கொண்டு, சாம்பல் நிற உருகியை எடுத்துவிட்டு மஞ்சளைச் செருகுவோர் உளர். கம்பி எங்கேனும் உராய்ந்து, அதன் உறை கிழிந்து, இரும்புடலைத் தொட்டது என்று வையுங்கள். அந்நிலையில் மஞ்சள் உருகி விரைந்து உருகாது. மெல்லிய கம்பியே கொதித்து உருகத் தொடங்கும். கம்பியை ஒட்டி இருப்பவை இருக்கையின் பஞ்சும் தரைவிரிப்பும். அடிக்கடி உருகும் உருகி, எங்கோ பழுது உண்டு என்று நமக்குச் சொல்கிறது. அப்பழுதைத் தேடிக் கண்டு நீக்குவதே முறை. உருகிக்கும் மின்கலத்திற்கும் இடையே ஓடும் கம்பிக்குக் காவல் ஏதும் இல்லை; ஆதலால் உருகியை மின்கலத்தின் அருகிலேயே அமைப்பர். உட்புற ஃபியூசுப் பெட்டியிலிருந்து மின்சாரம் எடுத்தால், அப்பெட்டியின் அருகிலேயே அது இருத்தல் வேண்டும்.

எந்தக் கம்பியிலிருந்து மின்சாரம் எடுப்பது என்பதும் கருதத் தக்கது. நம் மாணவர் சிலரின் தந்தையர் வாடகை ஊர்தி ஓட்டுகின்றனர். விளக்கை அணைக்க மறந்து பத்து மணி நேரம் விட்டால், 0.8 ஆம்பியர் வீதம் 8 ஆம்பியர்-மணி செலவாகும். 35 ஆம்பியர்-மணி கொள்ளும் மின்கலத்தில் இது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. தில்லியின் தைமாதக் குளிரில் மின்கலம் முன்னரே சோர்ந்திருக்கும். விடியலில் வண்டி கிளம்பவில்லையெனில், அன்றைய முதற் சவாரி கைநழுவிவிடும். வண்டிச்சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் பெறும் கம்பியிலிருந்து இணைப்பு எடுத்தால் இத்தொல்லை இல்லை.

மஞ்சள் உறையிட்ட கம்பிகளைத் தொடலாகாது. அவை பெரும்பாலும் உயிர்காக்கும் காற்றுப்பைக்கு உரியவை. வேலை தொடங்குமுன் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிவிடுதல் வேண்டும். இணைப்பைச் செய்பவர் மின்வினைஞராகவே இருக்கட்டும். நீங்கள் அருகில் நின்று, உருகி எத்தனை ஆம்பியர் என்று தயங்காமல் வினவுங்கள். விளக்கின் நிறம் அவரவர் விருப்பம். எனினும், ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே ஒளிர்வதும் முன்கண்ணாடியில் எதிரொளிப்பதும் இரவுப் பார்வையைக் கெடுக்கும்.

அருஞ்சொற்பொருள்
மதகு – நீரைத் திறக்கவும் அடைக்கவும் உதவும் கதவமைப்பு
மடை – வயலுக்கு நீர் பாயும் வழி
உவப்பு – மகிழ்ச்சி
மின்வினைஞர் – எலக்ட்ரீசியன்

பயிற்சி
1. சுவிட்சைக் கிளைக் கம்பி ஒன்றில் அமைத்தால் என்ன நிகழும்? மதகு உவமையைக் கொண்டு விளக்குக.
2. ஒவ்வொன்றும் 0.3 ஆம்பியர் ஈர்க்கும் ஆறு பட்டைகள் உள்ளன. 1, 3, 20 ஆம்பியர் உருகிகளுள் எதனைத் தேர்வீர்கள்? காரணத்தை மூன்று தொடர்களில் எழுதுக.
3. வாய்க்கால், மதகு, மடை ஆகியவற்றுக்கு உங்கள் சொந்த ஊரில் வழங்கும் வேறு பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வருக.