பட்டாளத்து ஜீப்பில் டிரெய்லர் பூட்டும் தம்பிகளுக்கு

தஞ்சாவூர்ப் பக்கம் பழைய மிலிட்டரி ஜீப்பை ஆசையாக வாங்கி, எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, கையோடு பின்னால் ஒரு டிரெய்லரையும் மாட்டிவிடுகிறீர்கள். அந்த வண்டியின் மேல் உங்களுக்குள்ள பிரியம் எனக்கும் உண்டு. அதனால்தான் கறாராகச் சொல்கிறேன்.

1. எவ்வளவு இழுக்கும் என்று கேட்காதீர்கள். எவ்வளவு சுமையோடு நிற்கும் என்று கேளுங்கள். இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை செய்த வில்லிஸ் ஜீப்புக்கு அமெரிக்க ராணுவம் விதித்த இழுவை வரம்பு 1,000 பவுண்டு, அதாவது சுமார் 450 கிலோ. டிரெய்லரின் சொந்த எடையும் இதற்குள் அடக்கம். அந்த ஜீப்புக்கென்றே செய்த கால் டன் டிரெய்லர் காலியாகவே 250 கிலோ இருக்கும். மிஞ்சுவது 200 கிலோ. நெல் கொள்முதல் நிலையத்தில் பிடிக்கும் 40 கிலோ மூட்டையில் ஐந்து, அவ்வளவுதான். லோ கியரில் போட்டால் இருபது மூட்டையையும் இழுத்துவிடும். பையன்கள் ஏமாறுவது அங்கேதான். ஜபல்பூரில் செய்த ஜோங்கா இதைவிடப் பெரிய வண்டி. அதற்கு வரம்பு வேறு. எந்த வண்டியானாலும் அதன் கையேட்டில் உள்ள எடையைப் பார்த்துவிட்டு மூட்டையில் கை வையுங்கள்.

2. பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வில்லிஸிலும் அதன் வழியில் வந்த பழைய மஹிந்திரா ஜீப்பிலும் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் லைன்தான். ஓரிடத்தில் கசிந்தால் பெடல் அடியோடு இறங்கிவிடும். ஹேண்ட் பிரேக்கோ சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்பெட்டிக்குப் பின்னால் ஷாஃப்டில் இருக்கும் ஒரு டிரம்மைப் பிடிக்கிறது. ஓடும்போது அதை இழுத்தால் ஷாஃப்டுக்குக் கேடு. சின்ன டிரெய்லரில் இருப்பது நிறுத்தி வைப்பதற்கான கைப்பிரேக் மட்டுமே. ஆகப் பின்னால் வரும் சுமை முழுவதையும் ஜீப்பின் நான்கு டிரம்தான் தாங்குகிறது. நம் ஊர் சமதரைதானே என்று இருந்துவிடாதீர்கள். வெண்ணாற்றுப் பாலத்து இறக்கமும், கரையிலிருந்து களத்துக்கு இறங்கும் சரிவும் போதும், டிரெய்லர் ஜீப்பின் முதுகைத் தள்ளிக் குறுக்கே மடக்கிவிடும். இறங்கத் தொடங்குமுன்பே கியரைக் குறையுங்கள், பாதி வழியில் மாற்றாதீர்கள். வாய்க்கால் தண்ணீரில் இறங்கி ஏறினால் மெதுவாக ஓட்டியபடி பெடலை லேசாக அழுத்தி அழுத்தி டிரம்மை உலர்த்துங்கள். நிறுத்தினால் டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் கழற்றாதீர்கள்.

3. ராணுவக் கொக்கி வாய் மூடிப் பூட்டும் வகை. அதற்கு வட்ட வளையம்தான் பொருத்தம். டிராக்டர் டிரெய்லரின் பட்டைத் துளையை அதில் திணிக்காதீர்கள். பூட்டின் லாக் பின்னைக் கம்பித் துண்டால் ஒப்பேற்றவும் கூடாது. கொக்கி நிற்பது சேஸின் பின் குறுக்குச் சட்டத்தில். வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் ஓடிய வண்டி என்றால் உப்புக்காற்று அதைத் தின்றிருக்கும், சுத்தியலால் தட்டிப் பாருங்கள். இரண்டு சங்கிலி கட்டாயம் வேண்டும். டிரெய்லரின் ஏர்க்காலுக்கு அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போடுங்கள். கொக்கி விட்டுப்போனாலும் ஏர்க்கால் சங்கிலி மேல் விழும், தார்ச்சாலையில் குத்தாது.

4. மூட்டையை அச்சுக்குச் சற்று முன்னால் அடுக்குங்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்க வேண்டும். பின்பாரம் கூடினால் கொக்கியைத் தூக்கும். வேகம் ஏற ஏற டிரெய்லர் ஆட ஆரம்பிக்கும். ஆடினால் பிரேக் அடிக்காதீர்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

5. நான்கு சக்கர ஓட்டம் சேற்றுக்கு. காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டுத் திருப்பினால் கியரும் ஷாஃப்டும் முறுக்கிக்கொள்ளும்.

6. பழைய மிலிட்டரி டயரின் கட்டைப்பூ ஈரத் தாரில் வழுக்கும். போர்க்கால ஜீப்பின் ரிம் சிலவற்றில் இரண்டு பாதியைப் போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். காற்றை முழுக்க இறக்காமல் அந்த போல்ட்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. பஞ்சர் கடைத் தம்பிக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

7. தை, மாசியில் சம்பா அறுவடை. ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும். அதன் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் உருளும் மணியில் சறுக்கும், ஆகவே தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். பரப்பிய வைக்கோல் மேல் ஏற்றாதீர்கள். அது ஷாஃப்டில் சுற்றிக்கொள்ளும், சூடான சைலன்சரில் பட்டுத் தீப்பிடிக்கும். ஐப்பசியில் குறுவை நெல் ஏற்றும்போது கரை ஊறிப்போயிருக்கும். டிரெய்லர் வளைவில் ஜீப்பைவிட உள்ளே வெட்டித் திரும்பும் என்பதால் முதலில் சரிவது அதன் சக்கரம்தான். எதிரே வண்டி வந்தால் ஓரம் கட்டப் பார்க்காமல் அகலமான இடத்தில் முன்கூட்டியே நில்லுங்கள். ரிவர்ஸ் எடுக்க ஒரு ஆள் கீழே இறங்கியே ஆக வேண்டும்.

8. போர்க்கால ஜீப் 6 வோல்ட், பின்னால் வந்த ராணுவ வண்டிகள் பலவும் 24 வோல்ட். டிரெய்லர் பல்பு அதற்குத் தக்கபடி இருக்கட்டும். டிரெய்லருக்கும் பதிவு வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டம். இழுக்கும் வண்டியின் எண் டிரெய்லரின் பின்னாலும் தெரிய வேண்டும். சிவப்பு ரிஃப்ளெக்டர் இல்லாமல் இருட்டில் நெல் ஏற்றிப் போகாதீர்கள்.

9. நடவுக்கும் அறுப்புக்கும் போகும் பெண்களை டிரெய்லரில் ஏற்றாதீர்கள். அவசரம் என்பார்கள், பக்கத்து வயல்தான் என்பார்கள், முதலாளி கோபிப்பார் என்பார்கள். மேலே சொன்ன எதுவொன்று தவறினாலும் முதலில் கவிழ்வது அந்தப் பெட்டிதான். பிடித்துக்கொள்ள அதில் கம்பிகூட இல்லை. ஜீப்பில் எத்தனை பேருக்கு இடமோ அத்தனை பேரை உட்கார வையுங்கள். மீதிப் பேருக்குத் திரும்பி வந்து இன்னொரு நடை அடியுங்கள்.