வண்டியில் சாப்பாட்டுக் கடையா? லைசென்ஸோடு சுத்தமும் வேணும்!

பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே அடுப்பு வைத்து, சாயங்காலமானால் ரோட்டோரம் நிறுத்தி தோசை, ஃப்ரைடு ரைஸ் போடலாம் என்று திட்டமா? நல்ல தொழில்தான். கடை வாடகை கிடையாது, அட்வான்ஸ் கிடையாது. ஆனால் பொறுப்பு மட்டும் பெரிய ஓட்டலுக்கு உள்ளதேதான்.

2022 மே மாதம் கேரளாவில், காசர்கோடு மாவட்டத்தில், ஒரு கடையில் ஷவர்மா சாப்பிட்ட பலர் நோயில் விழுந்தார்கள். 16 வயது மாணவி ஒருவர் இறந்தே போனார். சோதனையில் தெரிய வந்தது ஷிகெல்லா என்கிற கிருமி. அரசாங்கம் அனுமதி, ஆய்வு என்று கேட்பதெல்லாம் இப்படி ஒன்று நடக்கக் கூடாது என்றுதான்.

என்னென்ன அனுமதி வேணும்?

1. உணவுப் பதிவு: உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006-ன்படி தள்ளுவண்டிக்காரர் உட்பட எல்லோரும் பதிவு செய்தாக வேண்டும். வருட விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை என்றால் 'பதிவு', அதற்கு மேல் 'உரிமம்' என்று 2011-ல் விதி வந்தது. வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும்போது விசாரித்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் 14 இலக்க எண்ணை வாடிக்கையாளர் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டுங்கள்.

2. வண்டி: வேனைச் சமையலறையாக மாற்றினால், மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒப்புதல் வாங்கி ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். இன்ஷூரன்ஸும் அதற்கேற்ப இருக்கட்டும்.

3. இடம்: நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. மாநகராட்சி அல்லது நகராட்சியில் முதலில் கேளுங்கள். தெரு வியாபாரிகளுக்காக 2014-ல் வந்த சட்டப்படி, நகர விற்பனைக் குழு மூலம் சான்றிதழ் தருகிறார்கள்.

4. காஸ்: வீட்டு உபயோக சிலிண்டர் கூடவே கூடாது. வியாபாரத்துக்கான 19 கிலோ சிலிண்டர்தான் வேண்டும். டியூப், ரெகுலேட்டரை அடிக்கடி பாருங்கள். தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஆபீஸர் எதைப் பார்ப்பார்?

உணவுப் பாதுகாப்பு அலுவலர் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்பதில்லை. அவர் கண் முதலில் போவது தண்ணீர் மேல். குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீர்தான். ஒரே பக்கெட்டில் இருபது தட்டை முக்கி எடுத்தால், ஒருவர் வாயிலுள்ள கிருமி இன்னொருவர் வயிற்றுக்குப் போகிறது, அவ்வளவுதான்!

அடுத்தது வேலை செய்யும் ஆள். வருடம் ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை, டைபாய்டு வகைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இரண்டும் அவசியம். வயிற்றுப்போக்கோ, கையில் சீழ் பிடித்த புண்ணோ இருந்தால் அன்றைக்கு அவருக்கு லீவு கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் பலரும் கோட்டை விடுகிற இடம்: சூடு. 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். மத்தியானம் வடித்த சோற்றை ராத்திரி ஃப்ரைடு ரைஸுக்கு என்று வெளியே வைக்கிறீர்களா? அதில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற கிருமி வளர்ந்து விஷத்தைக் கக்கும். வாணலியில் எவ்வளவு வறுத்தாலும் அந்த விஷம் போகாது! சோற்றை அகலத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, ஐஸ் பெட்டியிலோ ஃப்ரிஜ்ஜிலோ வையுங்கள்.

எண்ணெயையும் விட மாட்டார். கெட்டுப்போன எண்ணெயில் சேரும் 'மொத்த போலார் பொருட்கள்' 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதி. கறுத்து, நுரைத்து, புகைந்தால் யோசிக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். பஜ்ஜியைப் பேப்பரில் பிழிந்து கொடுப்பதும் வேண்டாம். அச்சு மை வயிற்றுக்குள் போகும்.

குறை கண்டால்?

சந்தேகமிருந்தால் மாதிரி எடுத்து, நான்கு பாகமாக்கி சீல் வைப்பார். விரும்பினால் ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பொதுவான குறைகளுக்கு நியமன அலுவலரிடமிருந்து திருத்த நோட்டீஸ் வரும். சரிசெய்யக் குறைந்தது 14 நாள் அவகாசம் உண்டு. அதையும் அலட்சியம் செய்தால் உரிமம் நிறுத்தப்படும், ரத்தாகவும் ஆகலாம்.

ஆபீஸர் என்றைக்கு வருவாரோ என்று பயப்படுவதைவிட, தினமும் ஷட்டரைத் தூக்கும் முன் நீங்களே ஆபீஸராகிவிடுங்கள். தண்ணீர், கை, சூடு, எண்ணெய், காஸ் – ஐந்தையும் பார்க்க பத்து நிமிஷம் போதும். உங்கள் பிள்ளைக்குத் தயங்காமல் ஊட்டுகிற சாப்பாடு என்றால் மட்டும் அடுத்தவர் தட்டில் வையுங்கள்.