மழை கரைக்காத மருந்து

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மானாவாரி வைப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: "கரையானுக்கு குளோர்பைரிபாஸ் ஊற்றினேன். நாலு மழை பெய்துவிட்டது. இனி மண்ணில் ஒன்றும் இருக்காதே?"

இருக்கும். இந்த மருந்து ஒரு லிட்டர் தண்ணீரில் 1 அல்லது 2 மில்லிகிராம்தான் கரையும். மீதியெல்லாம் மக்கிலும் களியிலும் ஒட்டிக்கொள்ளும். சமவெளி என்றால் ஒட்டிய இடத்திலேயே கிடக்கும். ஜவ்வாது மலைச் சரிவில் அப்படியில்லை. மேல்மண் அடித்துப் போகும்போது மருந்தும் மண்ணோடு இறங்கி ஓடைக்குப் போகிறது. செய்யாறு பிறப்பதே இந்த மலையில்தான். ஆகவே மருந்து ஊற்றிய நிலத்துக்குக் கீழே கல் வரப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மண் மருந்தைப் பிடித்து வைப்பது வேறு, சிதைப்பது வேறு. ஒட்டிக் கிடக்கும் மருந்து கரையானை அவ்வளவாகத் தொடாது. சிதைக்கும் நுண்ணுயிருக்கும் எளிதில் எட்டாது. குளோர்பைரிபாஸ் பாதியாகக் குறைய சில வாரங்களும் ஆகலாம், நாலு மாதமும் ஆகலாம். கரையானுக்கென்று கூடுதலாக ஊற்றியிருந்தால் ஒரு வருடத்தையும் தாண்டும். சிதைந்து வரும் பொருளும் சாதுவானதல்ல. அது தாய் மருந்தைவிட நன்றாகக் கரையும், மண்ணில் எளிதாக நகரும், நுண்ணுயிரையும் முடக்கும்.

இன்னொன்று, நுண்ணுயிர் வேலை செய்ய ஈரம் வேண்டும். தை முதல் சித்திரை வரை காய்ந்து கிடக்கும் நிலத்தில் சிதைவு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆகவே மருந்து பாதியாகக் குறையும் கணக்கைக் காலண்டரில் எண்ணாதீர்கள். மண் ஈரமாக இருந்த நாட்களை மட்டும் எண்ணுங்கள்.

டைமெத்தோயேட் நேர் எதிர். தண்ணீரில் நன்றாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, சில நாட்களிலோ வாரங்களிலோ சிதைந்துவிடும். ஆனால் அடித்த அன்றே மழை வந்தால் ஓடைக்கும் கிணற்றுக்கும் போய்விடும். தேனீக்கு நஞ்சு என்பதால் பூக்கும் பயிரில் அடிக்கவே கூடாது. விதை நேர்த்திக்குப் பயன்படும் இமிடாகுளோபிரிட் பல மாதம் மண்ணில் தங்கி அடுத்த பயிரின் பூவரை ஏறக்கூடியது. மலைத்தேனுக்குப் பேர்போன ஊரில் இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கரையானுக்குப் புற்றைத் தோண்டி ராணியை எடுப்பதே முதல் வேலை. நிலம் முழுக்க ஊற்றுவது வீண் செலவு. மக்காத சாணத்தைப் போடாதீர்கள், அதுதான் கரையானை அழைத்து வரும். ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுவுரம் போட்டால் மருந்து ஓடாமல் நிற்கும், அதைத் தின்னும் நுண்ணுயிரும் பெருகும். சாமையில் குருத்து ஈக்கு மருந்து தேடும் முன், பருவமழை தொடங்கியதுமே விதைத்துப் பாருங்கள். ரகம் பற்றி அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையத்தில் கேட்கலாம்.

பரணில் பழைய போரேட் கிடந்தால் "வீணாகுதே" என்று தூவிவிடாதீர்கள். 2020 டிசம்பர் 31 முதல் அது தடைசெய்யப்பட்ட மருந்து. மண்ணில் அது மாறிவரும் பொருள்களும் நஞ்சுதான், தாய் மருந்தைவிட நெடுநாள் நிற்பவை. புதைக்கவும் வேண்டாம். என்ன செய்வதென்று வட்டார வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள்; அதுவரை பொட்டலத்தைப் பிரிக்காமல் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.